துரு கைவிட்ட நஞ்சு

வங்கதேசத்தில் 2000-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் ஐம்பது லட்சத்துக்குச் சற்றே குறைவான அடிகுழாய்களைச் சோதித்து வண்ணம் பூசினார்கள். ஒரு லிட்டர் நீரில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்செனிக் இருந்தால் சிவப்பு. அதற்குள் இருந்தால் பச்சை. சிவப்பு வாங்கியவை ஏறக்குறைய பதினான்கு லட்சம். எண்ணிக்கையைவிட விசித்திரமானது அவை இருந்த இடங்கள். ஒரு வீட்டு முற்றத்தில் சிவப்புக் குழாய். முப்பது நாற்பது மீட்டர் தள்ளி, பக்கத்து வீட்டில் பச்சை. இரண்டும் ஒரே ஆற்றுச் சமவெளியில் நிற்பவை. சுற்றுவட்டாரத்தில் கழிவைக் கொட்டும் ஆலை கிடையாது, சுரங்கம் கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயலும் குளமும் மூங்கில் தோப்பும்தான்.

இன்னொரு விஷயம் அதைவிட வியப்பு. அந்த ஊர் மணலை அள்ளிச் சென்று ஆய்வகத்தில் அளந்தால், கிலோவுக்குச் சில மில்லிகிராம் ஆர்செனிக்தான் தேறும். உலகின் பல பகுதிகளிலும் சாதாரண மண்ணில் இருக்கும் அளவு அது. மண்ணில் நஞ்சு மிகுதியாக இல்லை, தண்ணீரில் மட்டும் மிகுதியாக இருக்கிறது. இத்தனை காலம் மண்ணோடு ஒட்டிக் கிடந்தது ஏன் பிடி விட்டது என்பதே இங்கே கேள்வி. அதற்கான விடை, நாமெல்லாம் உப்புத்தாளால் தேய்த்துத் தள்ளும் ஒரு பொருளில் இருக்கிறது: துரு.

நல்லெண்ணத்தில் இறங்கிய குழாய்கள்

வங்காளத்துக் கிராம மக்கள் நெடுங்காலம் குளத்து நீரையும் ஆற்று நீரையும் திறந்த கிணற்று நீரையுமே குடித்தார்கள். காலராவும் வயிற்றுப்போக்கும் ஆண்டுதோறும் குழந்தைகளைக் கொண்டுபோயின. மண்ணுக்கடியில் சில பத்து மீட்டர் ஆழத்தில் இருக்கும் நீரில் கிருமி அநேகமாக இல்லை. எனவே 1970-களில் வங்கதேச அரசும் யுனிசெஃப் அமைப்பும் அடிகுழாய்களை இறக்கத் தொடங்கின. செலவு குறைவு, வேலை சுலபம். விரைவிலேயே மக்கள் தாங்களாகவே பணம் போட்டு வீட்டுக்கு வீடு இறக்கிக்கொண்டார்கள். நாடு முழுவதும் ஒரு கோடி அளவுக்குக் குழாய்கள் பெருகின. பொதுச் சுகாதாரத்தின் வெற்றிக் கதைகளில் ஒன்றாக அது பேசப்பட்டது. ஆர்செனிக் உண்டா என்று அன்று யாரும் அந்த நீரைச் சோதிக்கவில்லை; சோதிக்க வேண்டியவற்றின் பட்டியலில் அது இல்லை.

முதல் அடையாளம் தண்ணீரில் தெரியவில்லை, தோலில் தெரிந்தது. 1983-இல் கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் தோல் மருத்துவர் கே. சி. சாஹாவிடம் மேற்கு வங்கக் கிராமத்து நோயாளிகள் வந்தார்கள். மார்பிலும் முதுகிலும் புள்ளி புள்ளியாக நிறமாற்றம். உள்ளங்கையிலும் பாதத்திலும் தடித்த முடிச்சுகள். தொழுநோய் என்று ஊர் ஒதுக்கிவைக்கக்கூடிய தோற்றம். அது நாள்பட்ட ஆர்செனிக் நஞ்சு என்று சாஹா கண்டுகொண்டார். தடம் அவர்கள் குடித்த குழாய் நீருக்கு இட்டுச் சென்றது. 1980-களின் இறுதியிலிருந்து ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி ஊர் ஊராகப் போய் நீரையும் முடியையும் நகத்தையும் சேகரித்து அளந்தார். 1993-இல் எல்லைக்கு அப்பால், வங்கதேசத்தின் நவாப்கஞ்ச் மாவட்டத்திலும் நஞ்சு உறுதியானது.

பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகமும் வங்கதேசப் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு 3,534 குழாய்களின் நீரை அலசியது. 150 மீட்டர் ஆழத்துக்குள் இருந்த குழாய்களில் 27 விழுக்காடு, லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற வங்கதேச வரம்பைத் தாண்டின. 10 மைக்ரோகிராம் என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பை வைத்துப் பார்த்தால் 46 விழுக்காடு. முதல் வரம்புக்கு மேலான நீரைக் குடித்தவர்கள் சுமார் மூன்றரைக் கோடிப் பேர் என்று கணக்கிடப்பட்டது. வரலாற்றில் இத்தனை பெரிய மக்கள்தொகை ஒன்றாக நஞ்சூட்டப்பட்டதில்லை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் ஆலன் ஸ்மித்தும் சக ஆய்வாளர்களும் 2000-ஆம் ஆண்டில் எழுதினார்கள்.

உடலுக்குள் நடக்கும் ஆள்மாறாட்டம்

லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது எவ்வளவு? பத்தாயிரம் லிட்டர் லாரித் தண்ணீரில் ஒரு கிராமின் பத்தில் ஒரு பங்கு. இந்த அளவில் சுவையில்லை, மணமில்லை, நிறமில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது; நீர் ஆவியாகிக் குறையக் குறைய மிச்ச நீரில் செறிவு கூடவே செய்யும்.

தனிம அட்டவணையில் பாஸ்பரஸுக்கு நேர் கீழே இருப்பது ஆர்செனிக். ஆக்சிஜன் நிறைந்த சூழலில் அது ஆர்செனேட் வடிவில் இருக்கும்; பாஸ்பேட்டுக்கும் அதற்கும் செல்லால் எளிதில் வேறுபாடு காண முடியாது. உடலின் ஆற்றல் பரிமாற்றமெல்லாம் பாஸ்பேட்டைக் கொண்டே நடப்பதால், அந்த இடத்தில் ஆர்செனேட் உட்கார்ந்தால் கணக்கு குலைகிறது. ஆக்சிஜன் இல்லாத சூழலில் உண்டாகும் ஆர்செனைட் இன்னும் கொடியது. புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பற்றிக்கொண்டு அவற்றை முடக்குகிறது. முடி, நகம், தோல் ஆகியவற்றின் கெரட்டின் புரதத்தில் கந்தகம் அதிகம். சாஹாவின் நோயாளிகளுக்குத் தோலில் அடையாளம் தோன்றியதும், சக்ரவர்த்தி முடியையும் நகத்தையும் அளந்ததும் இதனால்தான்.

உள்ளே போகும் ஆர்செனிக்கில் பெரும்பகுதியைக் கல்லீரல் மாற்றியமைத்துச் சில நாட்களில் சிறுநீரில் அனுப்பிவிடும். நல்ல நீருக்கு மாறினால் சிறுநீரில் அளவு விரைவில் இறங்கும். ஆனால் ஏற்கெனவே நடந்த சேதம் அவ்வளவு சீக்கிரம் அழிவதில்லை. சிலி நாட்டின் அந்தோஃபகஸ்தா நகரம் இதற்குச் சாட்சி. 1958-இல் புதிய ஆற்று நீர்த் திட்டத்தால் அந்த நகரத்துக் குழாய்களில் லிட்டருக்கு 860 மைக்ரோகிராம் அளவில் ஆர்செனிக் வந்தது. 1970-இல் சுத்திகரிப்பு நிலையம் அமைந்ததும் அளவு சரிந்தது. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகளுக்கு அங்கே நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் சாவுகள் மற்ற ஊர்களைவிட மிக உயர்ந்தே இருந்தன. வங்கதேசத்தின் அராய்ஹஜாரில் 2000-ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ 12,000 பேரைத் தொடர்ந்து கண்காணித்த ஆய்வு 2010-இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. அங்கே நிகழ்ந்த சாவுகளில் ஐந்தில் ஒன்றுக்கு, வரம்பை மீறிய ஆர்செனிக் காரணமாகலாம் என்றது அது.

துருவைச் சுவாசிக்கும் உயிர்கள்

இமயமலைப் பாறைகளில் சிறிதளவு ஆர்செனிக், பெரும்பாலும் கந்தகத்தோடும் இரும்போடும் சேர்ந்த கனிமங்களாக இருக்கிறது. மழையும் பனியும் பாறையைச் சிதைக்கும்போது இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து துருவாகிறது. அந்தத் துரு மணல் துகள்களின் மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. துருவின் பரப்பு ஆர்செனேட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இப்படித் துருப்பூசிய மணலையும் வண்டலையும் கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுக்கு நூறு கோடி டன் அளவில் கீழே கொண்டுவருகின்றன. ஆறு ஓடும்வரை ஆபத்தில்லை. காற்றோட்டமுள்ள நீரில் துரு துருவாகவே இருக்கும். நஞ்சு அதன் பிடியிலேயே கிடக்கும்.

வங்காள டெல்டாவில் வண்டல் மட்டும் படிவதில்லை. இலைதழை, சதுப்பில் மக்கிய செடிகொடி எல்லாம் கூடவே புதைகின்றன. மேலே மேலே புதுப் படிவு சேர, கீழே காற்று போகும் வழி அடைபடுகிறது. அங்கே இருக்கும் பாக்டீரியாக்களுக்கு மக்கிய பொருள்தான் சாப்பாடு. சாப்பிட்டதை எரித்து ஆற்றலாக்க, அதிலிருந்து பிரியும் எலெக்ட்ரானை வாங்கிக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும். நமக்கு அது மூச்சில் வரும் ஆக்சிஜன். அவையும் முதலில் ஆக்சிஜனையே பயன்படுத்துகின்றன. அது தீர்ந்ததும் நைட்ரேட், பிறகு மாங்கனீசு ஆக்சைடு, அதுவும் தீர்ந்தால் துரு. ஜியோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் துருவுக்கு எலெக்ட்ரானைக் கொடுத்து வாழ்கின்றன. ஒருவகையில் துருவைச் சுவாசிக்கின்றன என்றே சொல்லலாம். எலெக்ட்ரான் வாங்கிய இரும்பு நீரில் கரையும் வடிவத்துக்கு மாறுகிறது. படலம் கரைகிறது. அதில் ஒட்டியிருந்த ஆர்செனிக்கும் நீருக்கு வந்துவிடுகிறது.

இந்த விளக்கம் எடுத்த எடுப்பில் கிடைத்ததல்ல. பாசனத்துக்காக நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் நீர்மட்டம் தாழ்ந்து, மண்ணுக்குள் காற்று புகுந்து, ஆர்செனிக் கொண்ட பைரைட் கனிமம் சிதைந்தது என்பதே முதலில் பரவலாகச் சொல்லப்பட்ட காரணம். அது உண்மையானால் காற்றுப் படும் ஆழத்தில்தான் நஞ்சு மிகுந்திருக்க வேண்டும்; பைரைட்டில் உள்ள கந்தகம் சல்பேட்டாக மாறி நீரில் நிறைந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லை. பல ஊர்களில் காற்றுப் பட்டுக் கிடக்கும் பழைய திறந்த கிணறுகளில் ஆர்செனிக் குறைவு. ஆக்சிஜனே இல்லாத ஆழத்தில், கரைந்த இரும்போடு சேர்ந்துதான் அது அதிகம். 1998-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த கட்டுரை, காரணம் துரு கரைவதே என்று வாதிட்டது. 2004-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜொனாதன் லாயிட் குழுவினர் மேற்கு வங்க வண்டலைக் காற்றுப் புகாத குப்பியில் அடைத்து, பாக்டீரியாக்களுக்கு உணவாக அசிட்டேட் கொடுத்துப் பார்த்தார்கள். முதலில் இரும்பு மாறியது. அதைத் தொடர்ந்து ஆர்செனிக் வெளியேறியது. ஆலையோ சுரங்கமோ தேவையில்லை. மண்ணும் மக்கிய இலையும் காற்றில்லாத இருட்டும் போதும்.

கடைசிப் பனியுகத்தின் கையெழுத்து

அப்படியானால் பக்கத்துப் பக்கத்துக் குழாய்கள் ஏன் வேறுபடுகின்றன? விடை சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்னால் இருக்கிறது. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் உலகின் நீரில் ஒரு பகுதி பனிப்பாளங்களாக உறைந்து, கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்து கிடந்தது. கடல் இறங்கியதால் வங்காளத்து ஆறுகள் சமவெளியை ஆழமாக அறுத்துக்கொண்டு ஓடின. பள்ளங்களுக்கு இடையே மேடாக நின்ற நிலம் பல்லாயிரம் ஆண்டு வெயிலிலும் மழையிலும் காற்றிலும் கிடந்து பழுத்தது. அங்கே மக்கும் பொருள் எரிந்து தீர்ந்தது, துரு தடித்தது, மணல் செம்பழுப்பானது. பிறகு பனி உருகிக் கடல் ஏறியபோது, பள்ளங்கள் புது வண்டலாலும் சதுப்பின் கழிவாலும் நிரம்பின. இந்த இளைய மணலில் பாக்டீரியாக்களுக்கு இன்றும் விருந்து தொடர்கிறது. துரு கரைந்துபோனதால் அதன் நிறம் சாம்பல்.

மேலே நடப்பவர்களுக்கு மேடும் பள்ளமும் தெரிவதில்லை. எல்லாம் ஒரே மட்டமான வயல். கீழே இறங்கும் குழாய் சாம்பல் மணலில் நின்றால் ஒரு கதி, செம்மணலில் நின்றால் வேறு கதி. ஒரே வகை மணலுக்குள்ளும் மக்கிய அடுக்கு எங்கே, களிமண் மூடாக்கு எங்கே என்பதைப் பொறுத்து அளவு மாறும்.

இந்த நிறங்களை ஆய்வாளர்களுக்கு முன்பே பார்த்தவர்கள் குழாய் இறக்கும் தொழிலாளிகள். அங்கே பெரிய இயந்திரமெல்லாம் கிடையாது. சிலர் மூங்கில் நெம்புகோலால் குழாயைத் தூக்கித் தூக்கி மண்ணுக்குள் இறக்குவார்கள். மேலே உட்கார்ந்திருக்கும் ஒருவர் குழாயின் வாயை உள்ளங்கையால் மூடித் திறப்பார். தூக்கும்போது மூடல், இறக்கும்போது திறப்பு; அவர் கைதான் வால்வு. ஒவ்வொரு முறையும் அடிமட்டத்து மணல் சேறாக மேலே பீய்ச்சும். எந்த ஆழத்தில் என்ன நிற மணல் என்பது அவருக்கு அத்துப்படி. வங்கதேசத்தின் மத்லாப் பகுதியில் இவர்கள் பிரித்துச் சொல்லும் கறுப்பு, வெள்ளை, மங்கல் வெள்ளை, சிவப்பு என்ற நான்கு நிறங்களையும் நீர்ச் சோதனை முடிவுகளையும் வங்கதேச, ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சிவப்பு மணலில் நிற்கும் குழாய்களில் ஆர்செனிக் மிகக் குறைவு, கறுப்பில் மிக அதிகம். எந்த மணலில் குழாயை நிறுத்தலாம் என்று வழிகாட்ட இந்த நிறமே ஒரு கருவியானது.

சோற்றுக்குள் வரும் வழி

குடிநீரோடு கதை முடிவதில்லை. வங்காளத்தில் வறண்ட பருவ நெல்லான போரோ பெரும்பாலும் நிலத்தடி நீரை நம்பியது. குழாய் நீர் வயலில் பாயும்போது கரைந்த இரும்பு காற்றுப் பட்டு மீண்டும் துருவாகி, ஆர்செனிக்கையும் இழுத்துக்கொண்டு மண்ணில் படிகிறது. ஆண்டுக்கு ஆண்டு மேல்மண்ணில் அது சேர்கிறது. பிறகு வயலில் நீர் தேங்குகிறது, காற்று தடைபடுகிறது, ஆழத்தில் நடந்த அதே நாடகம் அரை அடி ஆழத்தில் மறுபடி நடக்கிறது.

நெற்பயிருக்குத் தற்காப்பு ஒன்று உண்டு. தண்டு வழியாகக் காற்றைக் கீழே அனுப்பி, வேரைச் சுற்றி ஆக்சிஜனைக் கசியவிடும். அங்கே இரும்பு துருவாகி வேரின் மேல் படலமாகப் படிந்து, ஆர்செனிக்கில் ஒரு பகுதியைப் பிடித்து நிறுத்தும். ஆனால் அதே பயிருக்கு ஒரு பலவீனமும் உண்டு. தண்டு நிமிர்ந்து நிற்க நெல் சிலிக்காவை நிறைய உறிஞ்சுகிறது. ஆர்செனைட்டின் மூலக்கூறு சிலிக்காவின் கரைந்த வடிவத்தை ஒத்திருப்பதால், சிலிக்காவுக்கான வழியிலேயே உள்ளே நுழைந்துவிடுகிறது என்று 2008-இல் ஜப்பானின் ஜியான் ஃபெங் மா குழுவினர் காட்டினார்கள். கோதுமை வறண்ட வயலில் விளைவதால் இந்தச் சிக்கல் அதற்கு மிகக் குறைவு.

நீரைக் கட்டியே வைக்காமல் இடையிடையே வயலைக் காயவிட்டுப் பாய்ச்சினால் மண்ணுக்குள் காற்று புகுந்து துரு நிலைக்கிறது. அரிசியில் ஆர்செனிக் குறைகிறது, தண்ணீரும் மிச்சமாகிறது. சமையலிலும் ஒரு வழி இருக்கிறது. நிறைய நல்ல நீரில் அரிசியை வேகவைத்துக் கஞ்சியை வடித்துவிட்டால் ஆர்செனிக்கில் கணிசமான பங்கு கஞ்சியோடு போய்விடும். சமைக்கும் நீரே கெட்டது என்றால் இது தலைகீழாகும்.

பிடித்துவைக்கும் கலை

காற்றில்லாத இடத்தில் துரு கைவிட்டதைக் காற்றுள்ள இடத்தில் துருவே மறுபடி பிடித்துக்கொடுக்கும். வெற்றி பெற்ற ஆர்செனிக் வடிகட்டிகள் பலவும் இந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கின்றன. வங்கதேசத்தின் குஷ்டியாவில் பிறந்து அமெரிக்காவில் வேதியியல் பேராசிரியராக இருந்த அபுல் ஹுசாம் உருவாக்கிய சோனோ வடிகட்டியில் இருப்பவை வாளிகள், மணல், இரும்புச் சீவல், கரி, செங்கல் சில்லு. இரும்பு துருப்பிடிக்கப் பிடிக்க ஆர்செனிக் அதில் மாட்டிக்கொள்கிறது. 2007-இல் அதற்குக் கிடைத்த பத்து லட்சம் டாலர் கிரேஞ்சர் பரிசில் பெரும்பகுதியை வடிகட்டிகளை ஊர்களுக்குக் கொடுக்கவே அவர் ஒதுக்கினார். சென்னை ஐஐடியில் தலப்பில் பிரதீப்பின் குழு உருவாக்கிய ‘அம்ரித்’ தொழில்நுட்பமும் துருவின் உறவுதான். இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடை மிக நுண்ணிய துகள்களாக நிலைநிறுத்தினால் பரப்பு பெருகும்; பிடிக்கும் திறனும் பெருகும். இந்தப் பணிக்காகவும் நீர்த்துறையின் பிற ஆய்வுகளுக்காகவும் 2022-இல் இளவரசர் சுல்தான் பின் அப்துல் அஜீஸ் பன்னாட்டுத் தண்ணீர் விருது பிரதீப்புக்குக் கிடைத்தது.

வடிகட்டிக்குக் கஷ்டமும் உண்டு. நிலத்தடியில் வரும் ஆர்செனைட் மின்னூட்டம் இல்லாதது. துருவில் அவ்வளவாக ஒட்டாது. முதலில் அதை ஆர்செனேட்டாக மாற்ற வேண்டும். வடிகட்டியின் கொள்ளளவு நிரம்பியதும் மாற்ற வேண்டும். நஞ்சேறிய கசடைக் குளத்தோரம் கொட்டினால், காற்றில்லாத சேற்றில் துரு மறுபடி கரையும். பராமரிக்க ஆளில்லாமல் கைவிடப்பட்ட கருவிகள் ஊருக்கு ஊர் கிடக்கின்றன. இன்னொரு வழி ஆழம்: 150 மீட்டருக்குக் கீழே, பழைய மணலில் இறங்கும் ஆழ்குழாய்கள் பெரும்பாலும் பாதுகாப்பானவை. 2001 ஆய்வில் அவற்றில் ஒரு விழுக்காடு மட்டுமே 50 மைக்ரோகிராமைத் தாண்டியது. அந்த ஆழத்து நீரைக் குடிப்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டால் அது நெடுநாள் தாங்கும். பாசனத்துக்கும் பெருநகரங்களுக்கும் அங்கிருந்தே இறைத்தால் மேலிருக்கும் கெட்ட நீரைக் கீழே இழுக்கும் அபாயம் இருக்கிறது.

இத்தனைக்கும் நடுவில், வங்கதேசத்தில் மிக அதிகமானவர்களின் உடலுக்குள் போன நஞ்சைக் குறைத்தது எந்தக் கருவியும் அல்ல. தன் வீட்டுக் குழாய் கெட்டது என்று தெரிந்தவர்கள் பக்கத்து வீட்டு நல்ல குழாய்க்கு நடந்து போனதுதான் முதலிடம் பெற்றது, ஆழ்குழாய்கள் அடுத்து. மாறியவர்கள் ஆபத்தில் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்று 2006-இல் வந்த மதிப்பீடு சொன்னது. அதுவே மற்ற எல்லா வழிகளையும் மிஞ்சியது. நல்லதும் கெட்டதும் கலந்த குழாய்ப் பரவல் ஆய்வாளர்களைத் திணறடித்தது உண்மை; அதே கலப்புதான் கெட்ட குழாய்க்கு எட்டும் தொலைவில் ஒரு நல்ல குழாயையும் வைத்தது.

எது நல்ல குழாய் என்று அறிய வேண்டியது ஒரு சோதனைப் பெட்டி. கொலை வழக்குகளில் நஞ்சைக் கண்டுபிடிக்க 1836-இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஜேம்ஸ் மார்ஷ் வகுத்த முறையின் வழிவந்ததே இன்றைய களச் சோதனை. துத்தநாகமும் அமிலமும் சேர்த்தால் நீரிலுள்ள ஆர்செனிக் வாயுவாகி மேலெழும். பாதரச உப்புத் தடவிய தாளில் பட்டு மஞ்சளாகவோ பழுப்பாகவோ நிறம் தரும். அரை மணி நேர வேலை. படித்துச் சொல்ல வேதியியல் பட்டம் வேண்டியதில்லை.

உலகில் 9.4 கோடி முதல் 22 கோடிப் பேர் வரை இந்த ஆபத்தில் இருக்கக்கூடும் என்று 2020-இல் சுவிட்சர்லாந்தின் ஈவாக் நிறுவன ஆய்வாளர்கள் கணித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆசியர்கள். மண், தட்பவெப்பம், நிலவமைப்பு ஆகியவற்றை வைத்துக் கணினி வரைந்த அந்த வரைபடத்தில் கங்கைச் சமவெளி, அசாம், செவ்வாற்று டெல்டா, மீகாங் டெல்டா எல்லாம் அடர்ந்து தெரிகின்றன. எந்த வட்டாரத்தில் தேட வேண்டும் என்பதை வரைபடம் சொல்லும். முப்பது மீட்டரில் விடை மாறும் மண்ணில், எந்தக் குழாயில் குடிக்கலாம் என்பதை அது சொல்லாது. அதை ஒவ்வொரு குழாயாகப் போய்த்தான் கேட்க வேண்டும். புதுக் குழாய்கள் இன்றும் இறங்கிக்கொண்டே இருப்பதால், ஒருமுறை கேட்டதோடு அந்த வேலை முடிவதுமில்லை.